அஞ்சு நாளாச்சு, பாப்பா இன்னும் ஒழுங்கா வாய் வைக்க மாட்டேங்குறா. ஏற்காட்டுல இருந்து கேக்குறேன்

காபிக்காட்டுப்_பொண்ணு எழுதியது (செவ்வாய், அதிகாலை 2.15)

எல்லாருக்கும் வணக்கம். ஒரு கையில பாப்பா, ஒரு கையில போன். எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கங்க.

எனக்குத் தலைப்பிரசவம். போன வியாழக்கிழமை சேலத்துல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில சிசேரியன். பொண்ணு. பொறந்தப்ப 2 கிலோ 900 கிராம். நேத்து மதியம் டிஸ்சார்ஜ். எடை போட்டாங்க, 2 கிலோ 620. "குறையத்தான் செய்யும், போங்க"ன்னுட்டாங்க. சாயங்காலம் அம்மா வீட்டுக்கு வந்துட்டோம், நாகலூர் பக்கம். 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு திருப்பத்துக்கும் தையல் மேல தலகாணிய வச்சு அமுக்கிக்கிட்டே வந்தேன்.

விஷயம் இதுதான். பாப்பாவுக்குப் பசிக்குது, நல்லாத் தெரியுது. கைய வாயில வச்சு சப்புறா, தலைய இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பித் தேடுறா. மார்புகிட்ட கொண்டு போனா காம்போட நுனிய மட்டும் பிடிக்கிறா. நாலு சப்பு. அப்புறம் தூங்கிடுறா, இல்லாட்டி விட்டுட்டு வீல்னு கத்துறா. எடுத்துப் பாத்தா காம்பு புது லிப்ஸ்டிக் முனை மாதிரி சாய்வா நசுங்கி இருக்கு. இடது பக்கம் வெடிச்சு ரத்தம் வருது. வலது பக்கக் காம்பு இயல்பிலேயே உள்ள அமுங்கினாப்ல இருக்கும், அந்தப் பக்கம் அவ தொடவே மாட்டேங்குறா.

ஆஸ்பத்திரியில ரெண்டாம் நாள் ராத்திரி ஒரு சிஸ்டர் வந்து, பாப்பாவோட பின்தலையைப் பிடிச்சு மார்புல வச்சு அழுத்துனாங்க. அவ மூச்சு முட்டிக் கத்துனா. அதுக்கப்புறம் டின் பாலை பாட்டில்ல ஊத்திக் குடுத்தாங்க, அதை ரெண்டு நிமிஷத்துல குடிச்சுட்டுத் தூங்கிட்டா. அன்னையில இருந்து நான் மடியில கிடத்துனாலே அழ ஆரம்பிக்கிறா. என்னைப் பிடிக்கலையோன்னு கூடத் தோணுது. சிரிக்காதீங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு அப்படித்தான் தோணுது.

ஞாயித்துக்கிழமை ராத்திரி பால் கட்டிச்சு. மார்பு ரெண்டும் கல்லு மாதிரி. அக்குள் வரைக்கும் வலி. டிஸ்சார்ஜ் ஆனதுல இருந்து ஒன்னுக்குப் போனது மூணே துணி. கடைசித் துணியில செங்கல் பொடி தூவுன மாதிரி ஆரஞ்சுக் கறை. ரத்தமோன்னு பயந்து அம்மாவை எழுப்பிட்டேன்.

அம்மா எஸ்டேட்டுல பழம் எடுக்கப் போறவங்க. இப்ப சீசன், எனக்காக லீவு போட்டிருக்காங்க. "எனக்கு நீ பொறந்தப்ப இப்படித்தான், கருப்பட்டித் தண்ணியை சங்குல குடுத்துத்தான் வளத்தேன்"ங்கிறாங்க. கீழ செவ்வாய்பேட்டையில இருந்து அத்தை மணிக்கொரு போன்: "கொழந்தையைப் பட்டினி போடாத, பால் பவுடர் வாங்கு." எங்க வீட்டுக்காரருக்குக் கொலுசுப் பட்டறை, கல்யாண ஆர்டர் நேரம், ஞாயித்துக்கிழமைதான் வர முடியும்.

காலையில டவுனுக்கு ஆள் அனுப்பி டின் வாங்கிட்டு வரச் சொல்லட்டுமா? இல்ல இன்னும் முயற்சி பண்ணலாமா? இது எனக்குக் கைவராத வேலையோன்னு இருக்கு. யாராச்சும் சொல்லுங்க.


தறிவீட்டு_மருமக எழுதியது (அதிகாலை 2.50)

தங்கம், நானும் முழிச்சுத்தான் இருக்கேன். எனக்கு ஒன்பது மாசக் கைப்புள்ள. அம்மாபேட்டை.

"எனக்குக் கைவராத வேலை"ன்னு எழுதியிருக்க பாரு, அதை அப்படியே மூத்தவன் பொறந்தப்ப நானும் சொன்னேன். ஒரு மாசத்துல நிறுத்திட்டேன். ரெண்டாவதுதான் எனக்குப் புரிஞ்சுது, நான் மார்பை அவன் வாய்க்குக் கொண்டு போயிருக்கேன். வில்லு மாதிரி வளைஞ்சு, தோள்பட்டை காதுக்கு ஏறி, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு. அப்படிக் குனிஞ்சு குடுத்தா காம்பு மட்டும்தான் வாய்க்குப் போகும். புள்ளையைத்தான் மேல கொண்டு வரணும்.

எங்க வீட்டுல தலகாணி பத்தாது. மாமனார் மடிச்சு வச்சிருந்த பட்டு வேட்டிக் கட்டு நாலை எடுத்து அடுக்கி, அது மேல புள்ளையைப் போட்டேன். மொதலாளிக்கு அனுப்ப வேண்டிய சரக்கு. மாமனார் பாத்துட்டு ஒன்னும் சொல்லாம வெளிய போயிட்டார். ஒரு வேட்டியில பால் கக்கிட்டான், அதை எங்க வீட்டுக்காரரே இப்பக் கட்டிக்கிட்டு திரியறார்.

முதுகைச் சுவத்துல சாய்ச்சு உக்காரு. காலுக்குக் கீழ ஒரு மணை போட்டுக்க. அப்புறம் எடு. மத்ததை விவரம் தெரிஞ்சவங்க வந்து சொல்லுவாங்க.


மங்களம்_வீட்டுவைத்தியம் எழுதியது (அதிகாலை 5.40)

எல்லாம் திருஷ்டிம்மா. கழுதைப் பால் ஒரு சங்கு ஊத்து, தெருவுல கொண்டு வருவாங்க. நாக்குல கொஞ்சம் தேன் தடவிச் சேனை வச்சா சப்புற ருசி வரும். பால் கட்டுனதுக்கு மல்லிகைப் பூவை அரைச்சு மார்புல பத்து போடு, கல்லு கரைஞ்சிடும்.


மலைநர்ஸ்_ரிட்டயர்டு எழுதியது (காலை 6.05)

கண்ணு, இப்பத்தான் எழுந்து பாத்தேன். நான் கிராம சுகாதார செவிலியரா இருந்து ஓய்வு பெத்தவ. என் சர்வீஸ்ல பாதிக்கு மேல நீ இருக்கிற அதே சேர்வராயன் மலைதான், ஊர் ஊரா நடந்திருக்கேன். நீளமா எழுதறேன், பொறுமையாப் படி.

முதல்ல மேல சொன்ன மூணையும் செய்யாத. தேன் ஒரு வயசு வரைக்கும் கூடவே கூடாது, அதுல இருக்கிற கிருமி வித்து பச்சைக் குழந்தையோட குடல்ல வளந்து நரம்பையே தாக்கும். கழுதைப் பால் காய்ச்சாத பால், அதுவும் வேண்டாம். மல்லிகைப் பூ வச்சுக் கட்டறது பாலை *வத்த* வைக்கிறதுக்கு நம்ம பாட்டிமார் செஞ்சது. உனக்கு வேணும்கிறது நேர் எதிர். மங்களம்மா கோவிச்சுக்க வேண்டாம், பூவைத் தலையில வச்சுக்கச் சொல்லுங்க.

இப்ப அந்த ஆரஞ்சுக் கறை. அது ரத்தமில்ல, சிறுநீர்ல இறங்குற யூரேட் உப்பு. பொறந்த முதல் ரெண்டு நாள்ல வந்தா நாங்க கண்டுக்க மாட்டோம். அஞ்சாம் நாள் வந்தா உள்ள போற பால் பத்தலைன்னு அர்த்தம். எடையும் அதையேதான் சொல்லுது. 2,900ல 280 கிராம் போயிருக்கு, கிட்டத்தட்ட பத்து சதவீதம். ஏழு சதவீதம் வரைக்கும் குறையறது சகஜம். பத்தைத் தொட்டா நான் அந்த வீட்டை விட்டு நகர மாட்டேன். அதனால இன்னைக்குக் காலையிலேயே ஏற்காடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் எடை போட்டு, மஞ்சள் காமாலை இருக்கான்னு டாக்டர்கிட்ட காட்டு. "நாளைக்குப் பாக்கலாம்" வேண்டாம். வாய்க்குள்ளயும் பாக்கச் சொல்லு. நாக்குக்கு அடியில இருக்கிற சவ்வு இறுக்கமா இருந்தாலும் புள்ளையால நாக்கை நீட்டிக் கவ்வ முடியாது.

ஆனா ஒன்னு. உனக்குப் பால் இல்லாம இல்ல. மார்பு கல்லு மாதிரின்னு நீயே எழுதியிருக்க. குடோன் நிறைய சரக்கு இருக்கு, கதவுதான் திறக்கல. அதுவரைக்கும் புள்ளை பட்டினி கிடக்கக் கூடாது, ஜன்னல் வழியாக் குடுப்போம்.

கைய சோப்புப் போட்டுக் கழுவு. வெந்நீர்ல துணியை முக்கிப் பிழிஞ்சு மார்புல அஞ்சு நிமிஷம் போடு. கொதிக்க வச்ச எவர்சில்வர் டம்ளரை மடியில வச்சுக்க. கட்டை விரல் மேல, ஆள்காட்டி விரல் கீழ, ரெண்டும் கருவட்டத்தோட ஓரத்துல இருக்கணும். காம்பைப் பிடிக்காத. முதல்ல நெஞ்செலும்பைப் பாத்து உள்ள அமுக்கு, அப்புறம் ரெண்டு விரலையும் சேர்த்து அழுத்து, விடு. தேய்க்காத, இழுக்காத. முதல் ஒரு நிமிஷம் ஒன்னும் வராது, அப்பத்தான் எல்லாரும் "எனக்கு இல்ல"ன்னு விட்டுடறாங்க. கொஞ்சம் பொறு, சொட்டு சொட்டா ஆரம்பிச்சு நூல் மாதிரிப் பீச்சும்.

எடுத்ததைப் பாலாடையில (மூக்கு வச்ச சின்னக் கிண்ணம்) குடு. பாட்டில் வேண்டாம், பாட்டில்ல தானா ஒழுகும். அந்தச் சுகம் கண்டுட்டா மார்புல வாயை அகலமாத் திறந்து உழைக்கறதுக்குக் குழந்தைக்கு மனசு வராது. உன் பொண்ணு மடியில அழறதுக்கு அதுவும் ஒரு காரணம். தலையை நிமித்திப் பாதி உக்காந்த வாக்குல வச்சுக்க, பாலாடை மூக்கைக் கீழ் உதட்டுல வச்சு, கடைவாய் ஓரமாக் கொஞ்சம் கொஞ்சமாச் சரி. முழுங்குனதைப் பாத்துட்டு அடுத்த சொட்டு. சும்மா கவுத்து ஊத்தினா புரை ஏறும். வேளைக்கு 30 மில்லி போல, ரெண்டு ரெண்டரை மணிக்கு ஒருக்கா. தூங்கினாலும் எழுப்பு. டாக்டர் எடையைப் பாத்துட்டு இன்னும் கூடச் சொன்னா அந்தக் கணக்குப்படி குடு.

உன் பால் பத்தாம, டாக்டர் டின் பால் சேத்துக் குடுக்கச் சொன்னா அழாத, குடு. மருந்து மாதிரி நினைச்சுக்க. அதையும் பாலாடையிலதான். அந்த டின் மேலயே தாய்ப்பால்தான் சிறந்ததுன்னு அச்சடிச்சிருப்பான். 1992ல வந்த சட்டம் அப்படிப் போட வச்சது, விளம்பரம் பண்ணவும் தடை இருக்கு. அத்தைக்கு அதைப் படிச்சுக் காட்டச் சொல்லு உங்க வீட்டுக்காரரை.

சரி, இப்பக் கதவு.

ரெண்டு பேரும் மேல் சட்டை இல்லாம, புள்ளைக்குக் குல்லாவும் இடுப்புத் துணியும் மட்டும் போட்டு, நெஞ்சுல கவுத்துப் படுக்க வச்சுக்க. மேல கம்பளி. நாகலூர் குளிருக்கு இதைவிடச் சூடு வேற இல்ல. அரை மணி நேரம், ஒரு மணி நேரம் அப்படியே கிட. குடுக்கணும்னு நினைக்காத. மார்புன்னா தன்னை அமுக்கிற இடம்னு அவ மனசுல பதிஞ்சிருக்கு, அது மறக்கணும். அந்தச் சிஸ்டர் தலையை அழுத்துனதைப் படிச்சப்ப எனக்கு எரிச்சலாத்தான் வந்துச்சு. பின்தலையை அழுத்துனா குழந்தை தன்னால பின்னுக்குத் தள்ளும். வெறுப்பு இல்ல அது, பிறவி அனிச்சை. உன்னைப் பிடிக்காம எல்லாம் இல்ல.

சிசேரியன் வயித்துக்கு மடியில குறுக்கப் போடறதைவிடக் கக்கத்துல இடுக்கறது நல்லது. இதை நான் ட்ரெயினிங்ல படத்துல பாத்திருக்கேன், ஆனா கத்துக்கிட்டது ஒரு மலையாளி ஊர்ல (கேரளாக்காரங்க இல்ல, நம்ம மலைப் பழங்குடி), ஒரு ஆயாகிட்ட. பேத்திக்கு வரலைன்னு நான் படம் வரைஞ்சு விளக்கிட்டு இருக்கேன். ஆயா வந்து, "இதென்ன, கொடத்தை இடுக்கத் தெரியாதா உனக்கு?"ன்னு புள்ளையை வாங்கி அவ இடுப்போரமாச் செருகி விட்டுச்சு. அவ்வளவுதான். கால் உன் முதுகுப் பக்கம், உடம்பு உன் விலாவை ஒட்டி, கழுத்தும் தோளும் உன் உள்ளங்கையில. தலகாணி அடுக்கி உயரம் குடு. தறிவீட்டுப் பொண்ணு சொன்ன வேட்டிக் கதை நூத்துக்கு நூறு சரி.

இப்பக் கவனி. காம்பு அவ வாய்க்கு நேரா இருக்கக் கூடாது. *மூக்குக்கு* நேரா இருக்கணும். காம்பால மேலுதட்டை லேசாத் தடவு. வாசனைக்கு அவ தலையைப் பின்னால சாய்ச்சு வாயைத் திறப்பா. பாதி திறந்ததும் அவசரப்பட்டுத் திணிச்சுடாத, எல்லாரும் இங்கதான் தப்பு பண்றாங்க. கொட்டாவி விடற மாதிரி முழுசாத் திறக்கற வரைக்கும் திரும்பத் திரும்பத் தடவு. அந்த ஒரு நொடி வரும். வந்ததும் தோளோட சேத்துச் சட்டுனு உன் பக்கம் இழு. முதல்ல தாடை மார்புல புதையணும், கீழ் உதடு கருவட்டத்துல நல்லாக் கீழ இறங்கி உக்காரணும், மேல் உதடு கடைசியா. சரியாப் பிடிச்சிருந்தா கருவட்டம் மேல் உதட்டுக்கு மேல கொஞ்சம் தெரியும், கீழ தெரியாது. உதடு வெளிய மடிஞ்சிருக்கும். கன்னம் உப்பலா இருக்கும். கன்னத்துல குழி விழுந்தாலோ "ட்ச் ட்ச்"னு சத்தம் வந்தாலோ நுனியைத்தான் பிடிச்சிருக்கான்னு அர்த்தம்.

முதல் அரை நிமிஷம் சுருக்குன்னு இருக்கலாம். அதுக்கு மேலயும் வலிச்சா பல்லைக் கடிச்சுட்டு உக்காராத. சுண்டுவிரலை அவ கடைவாய்ல விட்டுக் காத்தை உடைச்சு எடுத்துட்டு மறுபடி முதல்ல இருந்து. பத்து தடவை ஆனாலும் சரி. அப்படியே இழுத்தா புண்ணு இன்னும் கிழியும். புண்ணுக்கு உன் பாலையே ரெண்டு சொட்டுத் தடவிக் காத்தாட விடு, பிடி சரியானா தன்னால ஆறும்.

மார்பு கல்லா இருக்கறப்ப எந்தப் புள்ளையாலயும் கவ்வ முடியாது, ஊதின பலூனைக் கடிக்கச் சொன்ன மாதிரி. குடுக்கறதுக்கு முன்னால விரல் நுனிகளைக் காம்பைச் சுத்தி வச்சு ஒரு நிமிஷம் உள்ள அமுக்கிப் பிடி, கருவட்டம் மெத்துனு ஆகும். கொஞ்சம் பாலும் எடுத்து விட்டுரு. குடுத்து முடிச்சதும் ஈரத்துணி ஒத்தடம், உங்க ஊருத் தண்ணிக்கு ஐஸே வேண்டாம்.

வலது பக்கத்துக்கு மருந்துக்கடையில 10 மில்லி சிரிஞ்சு வாங்கு, ஊசி வேண்டாம். மூக்குப் பக்கத்தைச் சுத்தமா அறுத்துரு. உள்ள இருக்கற தண்டை உருவி, அறுத்த பக்கமாத் திருப்பிச் செருகு. அறுக்காத மழமழன்னு இருக்கற பக்கம்தான் மார்புல படணும், மாத்தி வச்சுக் கிழிச்சுக்காத. காம்பு மேல வச்சுத் தண்டை மெதுவா இழு, வலிக்காத அளவுக்கு. அரை நிமிஷம், ஒரு நிமிஷம். எடுக்கும்போது முதல்ல தண்டை உள்ள தள்ளிக் காத்தை விட்டுட்டு எடு. ஒவ்வொரு வேளைக்கும் முன்னால ரெண்டு மூணு தடவை. இது ஆஸ்பத்திரியிலேயே சொல்லித் தர வேண்டிய சமாச்சாரம், பெரிய செலவில்ல.

கணக்கு வை. பாலை அளக்காத, துணியை எண்ணு. நாள்காட்டித் தாளைக் கிழிச்சுப் பின்பக்கம் ஒன்னுக்கு ஒரு கோடு, ரெண்டுக்கு ஒரு புள்ளி. இனிமே ஒரு நாளைக்கு ஆறு கோட்டுக்குக் குறையக் கூடாது. மலம் கறுப்பு போய்ப் பச்சையாகி, கடுகு மஞ்சளுக்கு வந்திருக்கணும். 24 மணி நேரத்துல 8ல இருந்து 12 தடவை குடிக்கணும், ராத்திரியும் சேத்துத்தான்.

எழுப்பினாலும் எழுந்திருக்காம துவண்டு கிடந்தா, உடம்பு சில்லுனு இருந்தா இல்ல காய்ச்சல் அடிச்சா, மஞ்சள் உள்ளங்கை உள்ளங்கால் வரைக்கும் இறங்கியிருந்தா, எட்டு மணி நேரமா ஒன்னுக்கே போகலைன்னா, இந்தப் பதிவுல எதுவும் கேட்டுட்டு இருக்காம வண்டியைப் பிடி. உனக்கு நடுங்கி ஜுரம் வந்து மார்புல ஒரு இடம் சிவந்தாலும் அதேதான்.

ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து எடை எழுது. நான் இங்கதான் இருப்பேன்.


ரெண்டு_பொண்ணுக்கு_அப்பா எழுதியது (காலை 7.30)

ஆம்பளை பேசலாமான்னு தெரியல, ஒன்னே ஒன்னு. இரும்பாலையில ஷிப்டு முடிச்சுட்டு வந்து எழுதறேன்.

எங்க பெரியவளுக்கும் இதே கதை. என் மனைவிக்கு ரெண்டு கை பத்தலை. ஒரு கை புள்ளையைப் பிடிக்க, ஒரு கை மார்பைத் தாங்க, புள்ளையோ தன் ரெண்டு கையையும் வாய்க்கு முன்னாடி கொண்டு வந்து குறுக்க நிக்கும். அந்தக் கையைப் பிடிச்சுக்கறது என் டூட்டி. துணியால இறுக்கிச் சுத்தக் கூடாதுன்னு சொன்னாங்க, மார்பை ரெண்டு பக்கமும் கட்டிப் பிடிச்ச மாதிரி விட்டாத்தான் நல்லதாம். நான் மேல நின்னு பாக்கறதால, வாய் எப்ப முழுசாத் திறக்குதுன்னு எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. "இப்ப"ன்னு சொல்லுவேன். உங்க அம்மாவை அந்த வேலைக்கு வச்சுக்கங்க.

அடுத்து, போன். உங்க அத்தைக்கு நீங்க பதில் சொல்லாதீங்க. பட்டறையில இருக்கறவர் எடுக்கட்டும். பால் எடுக்கறதுக்கு முன்னால "பட்டினி போடாத"ன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தா அன்னைக்கு டம்ளர்ல ஒன்னும் இறங்காது, எங்க வீட்டுல கண்ணால பாத்தது. ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்காம ஒரு நாள் ராத்திரி பஸ் பிடிச்சு வரச் சொல்லுங்க. கொலுசு ஒரு நாள் லேட்டாப் போனா கல்யாணம் நின்னுடாது.


காபிக்காட்டுப்_பொண்ணு எழுதியது (செவ்வாய், மாலை 5.20)

போயிட்டு வந்துட்டோம். எடை 2 கிலோ 600. டாக்டரம்மா கண்ணு, நெஞ்சு, கால் எல்லாம் அமுக்கிப் பாத்தாங்க. மஞ்சள் நெஞ்சு வரைக்கும் இருக்கு, ரத்தம் எடுத்துப் பாத்துட்டு லைட்டு வைக்கிற அளவுக்கு இல்லைன்னாங்க. நாக்குச் சவ்வு பிரச்சனை இல்ல. நர்ஸம்மா சொன்ன மாதிரியே கறந்து பாலாடையில குடுக்கச் சொன்னாங்க, நாளன்னைக்கு மறுபடி எடை போட வரணும்.

காலையில ஆறரைக்கு உக்காந்து கறந்தேன். முதல் ரெண்டு நிமிஷம் சொட்டு இல்ல. அம்மா பின்னால உக்காந்து முதுகைத் தேச்சு விட்டாங்க. அப்புறம் டம்ளர்ல முதல் சத்தம் கேட்டுச்சு, "டிங்"னு. 35 மில்லி. அம்மா அந்த டம்ளரை வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு, "இவ்வளவையும் வச்சுக்கிட்டாடி அழுத?"ன்னு கேட்டாங்க.

பாலாடையில பாதி கழுத்துல ஒழுகிடுச்சு. பாப்பா பூனை மாதிரி நக்கிக் குடிச்சா. இப்ப என் நெஞ்சுல கிடக்கா, மேல அம்மாவோட கம்பளி. சத்தமே இல்ல. ஆனா இன்னும் வாய் வைக்கல. வலது பக்கம் சிரிஞ்சு போட்டேன், அரை இஞ்சு வந்துச்சு, ரெண்டு நிமிஷத்துல உள்ள போயிடுச்சு.


மலைநர்ஸ்_ரிட்டயர்டு எழுதியது (மாலை 6.00)

நல்ல சேதி. காம்பு உள்ள போனா போகட்டும். புள்ளை கவ்வறது காம்பை இல்ல, கருவட்டத்தை. சிரிஞ்சு எடுத்த கையோட உடனே வச்சுப் பாரு. பசி முத்தி அழறப்ப முயற்சி பண்ணாத. நாக்கை நீட்டி, கைய சப்ப ஆரம்பிக்கறப்பவே எடு. பாதித் தூக்கத்துல இருக்கறப்ப இன்னும் நல்லது, அப்ப அவளுக்குப் பழைய கோவம் ஞாபகம் இருக்காது.

ரொம்ப அழுதா பத்து மில்லி பாலாடையில குடுத்து ஆத்திட்டு அப்புறம் வை.


காபிக்காட்டுப்_பொண்ணு எழுதியது (பன்னிரண்டாம் நாள், செவ்வாய், மதியம்)

யாராச்சும் இந்தப் பதிவை இன்னும் பாக்கறீங்களான்னு தெரியல. நடந்ததை எழுதிடறேன்.

புதன்கிழமை முழுக்க ஒன்னும் நடக்கல. பதினாலு தடவை வச்சுப் பாத்தேன், எண்ணினேன். வியாழக்கிழமை எடை 2 கிலோ 650. ஏறியிருக்கு, ஆனா எல்லாம் பாலாடைப் பால். அன்னைக்கு ராத்திரி அவர் கடைசி பஸ்ஸுல வந்தார், விரல் நுனி எல்லாம் பட்டறைக் கறுப்பு. மூணு தடவை சோப்பு போட்டும் போகல, பாப்பாவைத் தொடவே பயந்தார்.

வெள்ளிக்கிழமை விடிகாலை. வெளிய பனிமூட்டம், ஜன்னல்ல சில்வர் ஓக் மரம் கூடத் தெரியல. பாப்பா அரைத் தூக்கத்துல முனகினா. இடது கக்கத்துல இடுக்கினேன். அடியில ரெண்டு தலகாணி, அதுக்கு மேல அம்மா பழம் எடுக்கறப்ப இடுப்புல கட்டற சாக்கை மடிச்சு வச்சது. அவர் டார்ச் அடிச்சுக்கிட்டு மேல நின்னார். மேலுதட்டைத் தடவினேன். திறந்தா, மூடினா. திறந்தா, மூடினா. அப்புறம் நிஜமாவே ஒரு கொட்டாவி. கண்ணை இறுக்கிக்கிட்டு, அண்ணம் தெரியற அளவுக்கு. "இப்ப!"ன்னு அவர் கத்துன கத்துல அடுத்த ரூம்ல அம்மா எழுந்துட்டாங்க. தோளோட இழுத்தேன்.

வலிக்கல. அதுதான் முதல்ல தெரிஞ்சுது. இழுக்கற மாதிரி இருந்துச்சு, ஆனா வலி இல்ல. அப்புறம் ஒரு சின்னச் சத்தம், தொண்டையில, "க்க", கொஞ்சம் இடைவெளி, "க்க". அவர் காதைக் கிட்ட கொண்டு வந்து கேட்டார். காதுக்குக் கீழ எலும்பு அசையறதை நான் எண்ணிட்டே இருந்தேன். பதினெட்டு நிமிஷம். எடுத்தப்ப காம்பு உருண்டையா இருந்துச்சு, நசுங்கவே இல்ல.

அதுக்காக எல்லாம் ஒரே நாள்ல சரியாகல. சனிக்கிழமை நாலு தடவை பிடிச்சா, அஞ்சு தடவை மாட்டேன்னுட்டா. வலது பக்கம் ஞாயித்துக்கிழமைதான். இப்பவும் ராத்திரி ஒரு வேளை பாலாடைதான், எனக்குத் தூக்கம் தாங்கல. நாள்காட்டித் தாள்ல நேத்து எட்டுக் கோடு, மூணு புள்ளி. இன்னைக்கு எடை 2 கிலோ 810.

அத்தை ஞாயித்துக்கிழமை வந்தாங்க. பையில டின் இருந்துச்சு, நான் பாத்தேன். பாப்பா குடிக்கிறதை ஓரமா நின்னு பாத்துட்டு, பையைத் திறக்கவே இல்ல. போகறப்ப, "வலது பக்கம் கம்மியாக் குடுக்கிற போல, மார்பு ஒன்னு பெருசு ஒன்னு சிறுசாத் தெரியுது"ன்னு சொல்லிட்டுப் போனாங்க.

நர்ஸம்மா, ஒரு சந்தேகம். வேளைக்கு ரெண்டு பக்கமும் குடுக்கணுமா, இல்ல ஒரே பக்கம் போதுமா?


மலைநர்ஸ்_ரிட்டயர்டு எழுதியது (இரவு 8.10)

ஒரு பக்கம் தானா விடற வரைக்கும் விடு. கடைசியா வர்ற பால்தான் கொழுப்பு. விட்டதும் ஏப்பம் எடுத்துட்டு அடுத்த பக்கம் காட்டு, வேணும்னா குடிப்பா. அடுத்த வேளைக்கு அந்தப் பக்கத்துல இருந்து ஆரம்பி. எந்தப் பக்கம்னு மறந்து போச்சுன்னா ரவிக்கையில ஊக்கு குத்தி வை, நாங்க அப்படித்தான் சொல்லிக் குடுப்போம்.

அத்தை சொன்னது சரிதான், வலது பக்கம் கூடுதலா ஒரு தடவை வை. வெள்ளிக்கிழமை மறுபடி எடை போடு, 2,900 தொட்டுருச்சான்னு எனக்குத் தெரியணும். ஒன்றரை மாசம் ஆனதும் புதன்கிழமை பாத்துத் தடுப்பூசிக்குக் கூட்டிட்டுப் போ. அன்னைக்கு ஊசி போட்ட கையோட மடியில போட்டுக்க, அழுகை சட்டுனு நிக்கும்.


தறிவீட்டு_மருமக எழுதியது (இரவு 11.45)

அந்தச் சாக்கைத் துவைச்சியா இல்லையா?